காய்ச்சல் நின்றது; வயிற்றால் போகிறது

நமக்கு மிகவும் வேண்டிய பெரியவர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் நிமோனியாக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வயது 79. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வேட்டி கசங்காமல், பிறரிடம் ஓர் உதவியும் கேளாமல் வாழ்ந்து பழகியவர். நாள்தோறும் இருமுறை நரம்பின் வழியே செஃப்ட்ரியாக்சோன் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்தினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிற்று, இருமல் தணிந்தது, மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் முகம் மலர்ந்தார். ஏழாம் நாள் பெரியவர் வீடு திரும்பினார். வீட்டார் மகிழ்ந்தனர், நாமும் சென்று கண்டு, நலம் விசாரித்துவிட்டு வந்தோம்.

ஒருவரும் அறியாத செய்தி ஒன்று அவரிடம் மட்டும் இருந்தது. ஐந்தாம் நாளிலிருந்தே அவருக்கு நீர் நீராகப் பேதியாகிக் கொண்டிருந்தது. இரவில் உடனிருந்த மருமகள், "ஏன் மாமா, அடிக்கடி எழுந்து போகிறீர்கள்?" என்று கேட்டபோது, "ஒன்றுமில்லை அம்மா, நீ படுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். காலையில் வார்டைச் சுற்றிவந்த மருத்துவர், "வயிறு எப்படி, நன்றாகப் போகிறதா?" என்று வினவியதற்கும், "நன்றாகப் போகிறது ஐயா" என்றே விடை தந்தார். அவ்விடையில் பொய் இல்லை என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

மருமகளிடம் இதையெல்லாம் பேசுவதா என்ற கூச்சம் ஒருபுறம். சொன்னால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்களே என்ற அச்சம் மறுபுறம். அவர் தாமே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நாக்கு வறண்டு, வயிறு உப்பி, பேரனின் பெயரும் நினைவின்றிப் பிதற்றலானார். மீண்டும் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். "எத்தனை நாளாகப் போகிறது? ஒரு நாளைக்கு எத்தனை முறை?" என்று மருத்துவர் கேட்க, விடை சொல்லத் தெரிந்தவர் அவ்வீட்டில் ஒருவரும் இல்லை.

இத்திங்கள் இப்பகுதியில் இதைப் பற்றியே எழுத எண்ணினோம். இது குடும்பப் பத்திரிகையில் எழுதத் தக்க பொருளா என்று வாசகர் முகஞ்சுளிக்க வேண்டா. குடும்பத்தார் அறியவேண்டிய பொருளே இது. நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே இரவும் பகலும் இருப்பவர் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். மகளோ மருமகளோ பேரனோதான்.

நம் பெருங்குடலைக் கழிவு செல்லும் வெறும் குழாய் என்று பலர் எண்ணுகின்றனர். அது கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடம். நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளை அவை புளிக்கச் செய்து, குடற்சுவருக்கு உணவாகும் அமிலங்களை ஆக்கித் தருகின்றன. அன்றியும், அந்நியக் கிருமி வந்து அமர இடமின்றி அவ்விடத்தை நிறைத்துக்கொண்டு இருக்கின்றன. நுரையீரலிலோ சிறுநீர்ப் பையிலோ உள்ள கிருமியைக் கொல்வதற்காக நாம் செலுத்தும் ஆன்டிபயாடிக் மருந்து குடலையும் சென்றடைகிறது. அங்கே குடியிருப்போர் செய்த குற்றம் யாது என அது விசாரிப்பதில்லை. மாத்திரையாக விழுங்கினால்தான் வயிற்றைக் கெடுக்கும், ஊசியாகப் போட்டால் கெடுக்காது என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. அது சரியன்று. மேலே சொன்ன செஃப்ட்ரியாக்சோன் மருந்தின் ஒரு பெரும்பகுதி பித்தநீரோடு கலந்து நேரே குடலுக்குத்தான் வந்து சேர்கிறது.

இவ்வாறு குடலின் குடிமக்கள் குறைந்தபோது ஏற்படும் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானது எளியது. செரியாத மாவுப்பொருள் குடலிலேயே தங்கி நீரை இழுத்துக்கொள்கிறது, மலம் இளகுகிறது. சில மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு நில்லாமல் குடலின் அசைவையும் விரைவுபடுத்தும். எரித்ரோமைசின் மாத்திரை உண்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்வது இதனால்தான். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையும் இவ்வகையில் பெயர் பெற்றது. இவையெல்லாம் மருந்து முடிந்த சில நாட்களில் தாமே அடங்கும். இளைஞர் ஒருவருக்கு இது இரண்டு நாள் தொல்லை, அவ்வளவே. 80 வயதில் அப்படியன்று. அவ்வயதில் தாகவுணர்ச்சியே மங்கிவிடுகிறது. இரத்த அழுத்தத்திற்காக நீரை வெளியேற்றும் மாத்திரை முன்னரே உண்டுகொண்டிருப்பார். பேதியும் சேர்ந்தால் உடல்நீரும் பொட்டாசியமும் குறைந்து, சிறுநீரகம் தளர்ந்து, அறிவும் தடுமாறும். கழிவறைக்கு விரைந்து எழுந்தவர் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு.

எளிதல்லாத வகை ஒன்று இருக்கிறது. நம் பெரியவரைப் பிடித்தது அதுதான். அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

1935ஆம் ஆண்டில் ஹால், ஓ'டூல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பிறந்த குழந்தைகளின் மலத்தில் ஒரு கிருமியைக் கண்டனர். ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தெடுத்து வளர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆதலின் 'கடினமானது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையே அதற்குப் பெயராக இட்டனர். அக்குழந்தைகளோ நலமாகவே இருந்தன. எனவே நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அக்கிருமியை உலகம் பொருட்படுத்தவில்லை. 1974இல் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவமனையில் கிளிண்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் பெற்ற 200 நோயாளிகளை டெடெஸ்கோ என்பவரும் அவர்தம் குழுவினரும் கவனித்து வந்தனர். நூற்றுக்கு 21 பேருக்குப் பேதி கண்டது; நூற்றுக்கு 10 பேருக்குப் பெருங்குடலின் உட்புறம் மஞ்சள் நிறப் படலம் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. மருந்தின் நச்சுத்தன்மையே காரணம் என முதலில் கருதினார்கள். உண்மைக் குற்றவாளியை ஜான் பார்ட்லெட் முதலானோர் 1978இல் வெளிப்படுத்தினர். குழந்தைகளிடம் சாதுவாக இருந்த அந்தக் 'கடினமான' கிருமியே அது. மருந்து காவலரை அகற்றிவிட, காலியான குடலில் அது பெருகி, நஞ்சைக் கக்கிக் குடற்சுவரைப் புண்ணாக்குகிறது. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என வழங்கிவந்த அதற்கு 2016இல் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் எனப் பெயர் மாற்றினார்கள். சி. டிஃபிசில் என்றால் மருத்துவர்க்கு விளங்கும்.

இது முதியோரையே மிகுதியும் தேடிப் பிடிக்கிறது. 65 வயதைக் கடந்தவர், பல நாள் மருத்துவமனையில் கிடப்பவர், பலவகை ஆன்டிபயாடிக் மருந்து பெற்றவர் ஆகியோர்க்கே அபாயம் அதிகம். கிளிண்டாமைசின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின் வகைகள், சிப்ரோஃப்ளாக்சசின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் ஆகியவை இதில் முன்னிற்கின்றன. ஆயினும் எந்த ஆன்டிபயாடிக்கும் இதைத் தூண்டக்கூடும். வயிற்றின் அமிலத்தைக் குறைக்கும் ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரைகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டெனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நாளில் நம் மருத்துவமனைகளில் அம்மாத்திரை எழுதப்படாத சீட்டைக் காண்பதே அரிது!

இக்கிருமி உடலைவிட்டு வெளியேறியபின், கெட்டியான ஓடு போர்த்திய வித்தாக மாறிக் கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் பெட்பேனிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கட்டிலருகே தொங்கும் சாராயக் கலவைக் கைகழுவி இவ்வித்தைக் கொல்லாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு தேய்த்துக் கழுவினால்தான் அது கையைவிட்டு நீங்கும். தரையையும் கழிவறையையும் குளோரின் கலந்த நீரால் துடைக்கவேண்டும். நோயுற்றோரைக் கண்டு ஆறுதல் கூறச் செல்வோர் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் போகுமுன் கைகழுவுவது எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பழமும் ரொட்டியும் மறவாமல் கொண்டு செல்கிறோம்; ஒரு சோப்புத் துண்டும் கொண்டு செல்லலாம்.

வசதி மிகுந்த நாட்டில் இதெல்லாம் நேராது என எண்ணுவோருக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் கென்ட் மாநிலத்தில் மெய்ட்ஸ்டன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் பகுதியின் மூன்று அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் 2006 வரை 1,100க்கு மேற்பட்ட நோயாளிகள் இக்கிருமியால் பீடிக்கப்பட்டனர். அந்நாட்டு நலவாழ்வுக் கண்காணிப்பு ஆணையம் 2007 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 90 பேரின் சாவுக்கு இந்நோயே உறுதியாகவோ பெரும்பாலுமோ காரணம் எனக் கணித்தது. கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன, செவிலியர் போதவில்லை. அவ்வறிக்கையில் நம் நெஞ்சை விட்டு அகலாத செய்தி ஒன்று உண்டு. எழுந்து செல்ல இயலாத நோயாளிகள் உதவிக்கு அழைத்தபோது, படுக்கையிலேயே போய்விடுங்கள் என்று சில செவிலியர் கூறினராம். தம் வாழ்நாளெல்லாம் மானத்தோடு வாழ்ந்த முதியோர் அச்சொல்லைக் கேட்டு என்ன பாடுபட்டிருப்பார்கள்! அச்செவிலியரை மட்டும் குறைகூறவும் நமக்கு மனம் வரவில்லை. ஒருவரே பத்துப்பேரைத் தூக்கி எடுக்கும் நிலையில் நாம் இருந்தால் என்ன சொல்லியிருப்போமோ!

அந்நாடு அதனோடு நின்றுவிடவில்லை. 2007–08ஆம் ஆண்டில் இங்கிலாந்து முழுவதிலும் இந்நோய் கண்டோர் 55,000க்கு மேல்; 2013–14இல் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 13,000 ஆகக் குறைந்தது. கைகழுவுதலும் தூய்மையும் வலியுறுத்தப்பட்டன என்பது மெய்யே. ஆயினும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கிருமியின் மரபணுக்களை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு, பெருங்காரணம் வேறு என்றது. சிப்ரோஃப்ளாக்சசின் இன மருந்துகளை மருத்துவர்கள் வெகுவாகக் குறைத்து எழுதியதே அது. துடைப்பத்தைவிடப் பேனாவே மிகுதியாக உதவியிருக்கிறது.

இனி, தயிரைப் பற்றி. "தயிர்சாதம் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று நம் பாட்டிமார் சொல்வதை விஞ்ஞானமும் ஒருகால் நம்பியது. 2007இல் இலண்டன் நகர மருத்துவமனைகளில், சராசரி வயது 74 ஆன 135 நோயாளிகளிடம் நற்கிருமி சேர்த்துப் புளிக்கவைத்த பால்பானம் ஒன்றைச் சோதித்தனர். அதைக் குடித்தவருள் நூற்றுக்கு 12 பேருக்கும், குடியாதவருள் நூற்றுக்கு 34 பேருக்கும் பேதி கண்டது. உலகெங்கும் மகிழ்ச்சி, நற்கிருமி மாத்திரைகளின் விற்பனையும் பெருகிற்று. பின்னர் வேல்சிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 3,000 உள்நோயாளிகளிடம், பானமாக அன்றி மாத்திரைக்கூடாக, வேறு நற்கிருமிகளைக் கொடுத்துப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. அதன் முடிவு 2013இல் வெளியாயிற்று: நற்கிருமி பெற்றவருள் நூற்றுக்கு 10.8 பேருக்கும், வெற்றுக்கூடு பெற்றவருள் 10.4 பேருக்கும் பேதி கண்டது. பயன் ஏதுமில்லை! எனவே மருந்துக்கடையில் விலைமிக்க நற்கிருமிக் கூடுகளை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கவலையின்றி இருப்பது தகாது. மோரும் தயிர்சாதமும் கொடுங்கள். அவை நீரும் உப்பும் உணவும் ஆகின்றன. மருந்து என்று எண்ணிக் கொடுக்க வேண்டா.

அப்படியாயின் செய்யவேண்டுவது யாது? எண்ண வேண்டும். அவ்வளவு எளிய காரியம் அது. அவ்வளவு எளிதில் மறக்கப்படுவதும் அதுவே. ஆன்டிபயாடிக் பெறும் முதியவருக்கு ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால், அன்றைக்கே செவிலியரிடமும் மருத்துவரிடமும் சொல்லவேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று இருத்தல் கூடாது. "வயிறு எப்படி இருக்கிறது?" என்று பெரியவரைக் கேட்டால் நமக்குக் கிடைத்த விடையே உங்களுக்கும் கிடைக்கும். "இன்று எத்தனை முறை போயிற்று? கெட்டியாகவா, தண்ணீராகவா?" என்று கேளுங்கள். மகளிடம் சொல்லக் கூசுபவர் மகனிடம் சொல்வார். இருவரிடமும் சொல்லாதவர் செவிலியரிடம் சொல்வார். யாரிடம் சொல்வார் என்பதை வீட்டாரே அறிவர்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பேதி நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. லோபெராமைடு போன்ற அம்மாத்திரைகள் குடலின் அசைவை நிறுத்துவன; சி. டிஃபிசில் இருக்குமாயின் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். அதுபோன்றே, பேதிக்குக் காரணம் ஆன்டிபயாடிக்தானே என்று அதைத் தாமாக நிறுத்திவிடுவதும் தவறு. நிமோனியா ஆறாதிருக்கலாம். நிறுத்துவதா, மாற்றுவதா, தொடர்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு: "ஐயா, இந்த ஊசி இன்னும் எத்தனை நாளைக்கு?" நல்ல மருத்துவர் இக்கேள்விக்குச் சினங்கொள்ளமாட்டார்.

வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் மருந்துச் சீட்டு முழுவதையும் காட்டுவது நன்று. மலச்சிக்கலுக்கென முதல் நாள் எழுதிய லாக்டுலோஸ் மருந்தை நிறுத்த மறந்திருப்பார்கள். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் வயிற்றை இளக்கும். சில முதியோர்க்குக் கெட்டிமலம் உள்ளே அடைத்துக்கொண்டு அதன் ஓரமாக நீர் மட்டும் கசியும்; பேதி போலவே தோன்றும், உண்மையில் அது மலச்சிக்கலே. இதையெல்லாம் மருத்துவர் கைவைத்துப் பார்த்தால்தான் அறியமுடியும்.

வீடு திரும்பியபின்னும் கவனம் வேண்டும். மருந்து முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் வரைகூட இந்நோய் தலைகாட்டக்கூடும். புதிய மருத்துவரிடம் போனால் முன்பு ஆன்டிபயாடிக் பெற்றதைச் சொல்லுங்கள். காய்ச்சல், மலத்தில் இரத்தம், மனத்தடுமாற்றம் ஆகியவை கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்க வேண்டா. மற்றொன்று: பேதி திடீரென நின்று வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனால், குணமாயிற்று என மகிழ வேண்டா. குடல் செயலிழந்து நிற்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். நம் பெரியவர் இரண்டாம் முறை மருத்துவமனைக்குச் சென்றபோது இருந்த நிலை இதுவே.

மலத்தைச் சோதித்தார்கள், சி. டிஃபிசில் நஞ்சு இருந்தது. வான்கோமைசின் என்னும் மருந்தை எழுதினார்கள். ஊசிமருந்துப் பொடியை நீரில் கரைத்து, நாளுக்கு நான்கு வேளை குடிக்கக் கொடுத்தபோது வீட்டார் திகைத்தனர். ஊசியைக் குடிக்கச் சொல்கிறார்களே, தவறிப்போய் எழுதிவிட்டார்களோ என்று நம்மிடமும் கேட்டனர். தவறில்லை. நரம்பில் செலுத்தினால் இம்மருந்து குடலுக்குள் போதிய அளவு சென்று சேர்வதில்லை. வாயால் குடித்தாலோ இரத்தத்தில் கலவாமல் குடலிலேயே தங்கி அக்கிருமியைத் தாக்குகிறது. பத்து நாள் கொடுத்தார்கள். குணமானவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நோய் மீண்டும் வருகிறது. பன்முறை வந்தவர்க்கு, நலமுள்ள ஒருவரின் மலத்தைக் கரைத்து வடித்துக் குழாய் வழியே குடலில் செலுத்தும் மருத்துவமும் உண்டு. 2013இல் நெதர்லாந்து நாட்டவர் வெளியிட்ட சோதனையில் 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமடைந்தனர். நம் பெரியவருக்கு அதுவரை போகவில்லை. மீண்டும் வரவும் இல்லை.

பத்து நாளும் மருமகள் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு கிழித்துவந்தார். முதல் நாள் 9 கோடுகள். மூன்றாம் நாள் 7. ஆறாம் நாள் 4. பத்தாம் நாள் 1. மருத்துவர் அத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டைவிட இது தெளிவாக இருக்கிறதே என்றாராம். வீட்டுக்கு வந்ததும் பெரியவர் அதைக் கிழித்தெறியச் சொன்னார். "இருக்கட்டும் மாமா" என்று மருமகள் அதை மடித்து மருந்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.